பத்தொன்பது மாற்றுச் சாமான்கள்

என் மருமகனுக்குப் பாட்டுப் போடுவது தொழில். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் சின்ன லொறியில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஹாலிஎலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதிக்கு மேல் அவருடைய பெட்டிகள்தான். நான் முப்பத்தாறு வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். எனக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்கக் கூடாது. தொடர்பு உண்டானதற்குக் காரணம் ஒரு பதினேழு நிமிடம்.

ஹாலிஎலையிலேயே ஒரு பிறந்தநாள் விழா. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதால் நானும் போயிருந்தேன். கேக் வெட்டப் பிள்ளை கத்தியைக் கையில் எடுத்த நேரத்தில் மருமகனுடைய லெப்டொப் நீல நிறமாகி, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. ஐந்து வீதம், ஒன்பது வீதம், பன்னிரண்டு வீதம். மருமகன் அதன் முன் கைகட்டி நின்றார்.

“இப்ப முடிஞ்சிரும் மாமா.”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“போன தடவையும் முடிஞ்சிச்சு.”

போன தடவை என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு நிமிடம். பிள்ளை அழுதது, கேக்கை யாரோ வெட்டினார்கள், நாற்பது பேர் மௌனமாகச் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கோடு போட்ட கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு லெப்டொப்பை நம்பி ஒரு மனிதன் தொழில் செய்வதா? அது போனால்? வயர் போனால்? மின்சாரமே போனால்? அவரிடமிருந்த சாமான்கள் ஒவ்வொன்றையும் எழுதி, எதிரில் அதற்கு மாற்று என்ன என்று இன்னொரு நிரல் போட்டேன். பெரும்பாலான இடங்களில் அந்த நிரல் வெறுமையாக இருந்தது.

அதை நிரப்பக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. பதுளையில் பழுதுபார்க்கும் கடைகளில் கிடந்தவை சில, தொழிலை விட்டவர்கள் கொடுத்தவை சில. இரண்டாவது லெப்டொப், ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் எம்ப் இரண்டாவதாக ஒன்று, இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், ஒரு மைக், இருபத்தைந்து மீட்டர் நீள வயர், ஒரு சின்ன ஜெனரேட்டர், ஒரு சிறிய மிக்ஸர், மீதி ப்ளக்குகளும் ஃபியூஸ்களும் குட்டை வயர்களும். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் சிவப்பு டேப் ஒட்டி, அதன் மேல் என் கையெழுத்தில் ‘மாற்று’ என்று எழுதினேன். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். இரண்டும் ஒரே நாளில் பழுதாவதற்கான வாய்ப்பை ஒரு மழை நாளில் கணக்கிட்டும் பார்த்தேன். மிகச் சொற்பம். மருமகன் இவற்றைப் பெக்கப் என்று சொல்லுவார். வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு பெருமை இருக்கும். அவற்றை ஏற்றி இறக்குவதற்கு மட்டும் முதுகு வலிக்கும்.

அந்தப் பெருமையைக் கேள்விப்பட்டுத்தான் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். என் வயதில்லை, ஐம்பத்தைந்து இருக்கும். தன் இளைய மகளின் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட வேண்டும் என்றார். பிறகு தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மருமகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“மாஸ்டர், மூத்தவ கல்யாணத்துல பந்தி போடுற நேரம் செட்டு நின்னுபோச்சு. திரும்ப ஓடவே இல்ல. முந்நூறு சனம் உம்முன்னு உக்காந்திருக்கு. மாப்புள வீட்டுல மாப்புளயோட சித்தப்பா ஒருத்தரு, பசறையில இருந்து வந்தவரு. எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ‘நம்ம கல்யாண வீட்டுக்கு வந்தமா, எழவு வீட்டுக்கு வந்தமா’ன்னு கேட்டாரு.”

“அது நடந்து எவ்வளவு காலம்?”

“நாலு வருசம். காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல போய் நின்னா இன்னமும் ஒருத்தன் கேக்குறான் மாஸ்டர், ‘என்னண்ணே, எழவு வீட்டுக்கு எப்ப வரட்டும்’னு.”

“இந்தக் கல்யாணத்துக்கும் அந்த மனிசர் வருவாரா?”

“வருவாராவா? அவரோட மகனுக்குத்தான் சின்னவளக் குடுக்கிறேன். அக்கா வீட்டுக்குப் போக வரப் பழகிக்கிட்டாங்க. நான் என்னத்தச் செய்ய?” தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். “எனக்கு லைட்டு வேணாம், புகை வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த மனுசன் உக்காந்திருக்கிற வரைக்கும் சத்தம் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“ஒரு நிமிசம் கூட நிக்காது அண்ணே,” என்றார் மருமகன். “எல்லாத்துக்கும் பெக்கப் இருக்கு. மாமா லிஸ்ட்டே போட்டு வச்சிருக்காரு.”

கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். “எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு,” என்றார். அப்புறம்தான் தேத்தண்ணீரைக் குடித்தார். ஆறியிருக்கும்.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. மகள் போக வேண்டாம் என்று சொல்லியும் நான் லொறியில் ஏறினேன். பெண்ணின் தந்தை என் கொப்பியைத்தான் நம்பினார், மருமகனை அல்ல. பண்டாரவளை தாண்டி மேலே ஏறும் பாதையில் ஐம்பத்தெட்டு வளைவுகள் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் பின்னால் ஜெனரேட்டர் நகர்ந்து ஸ்பீக்கரில் இடித்தது. “நல்லாக் கட்டியிருக்கேன் மாமா,” என்று ஐம்பத்தெட்டு தடவையும் மருமகன் சொல்லவில்லை, ஆனால் பத்துக்குக் குறையாது.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தொழிற்சாலைக்குக் கீழே சமதரையில் தோட்டத்தின் பொது மண்டபம். மண்டபத்தின் பின்னால் தறப்பாள் போட்டுச் சமையல் கொட்டகை. மேலே, கல்படிகளின் உச்சியில், பெண் வீடு இருக்கும் லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை. நூற்றுப் பன்னிரண்டு படிகள். மூன்று நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் நல்ல வெயில், எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் மருமகன் செட்டைப் பூட்டினார். நான் மேடைக்குப் பின்னால் மூலையில் பத்தொன்பது மாற்றுச் சாமான்களையும் அடுக்கி, எண்ணி, முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் ஓட்டையைப் போட்டது நானே. அதை ஒளிக்க விரும்பவில்லை. எட்டே முக்காலுக்குத் தோட்டத்து மாதா கோயிலின் உபதேசியார் வந்தார். பத்து மணிக்குக் கல்யாணப் பூசை, கோயில் மைக் கரகரவென்கிறது, ஃபாதர் பேசுவது முன் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே கேட்காது என்றார். அவருடைய கண் சிவப்பு டேப் மீது இருந்தது.

“அது மாற்று,” என்றேன். “இங்க உள்ள மைக் பழுதானாத்தான் எடுக்கிறது.”

“இங்க உள்ளது நல்லாத்தானே இருக்கு மாஸ்டர்?”

“இருக்கு.”

“அப்ப இது சும்மாதானே கிடக்கு? பூசை முடிஞ்சதும் கையோட கொண்டாந்துர்றேன்.”

பூசைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். பதினெட்டு. (அவர் அதைப் பத்திரமாக இருக்கட்டுமென்று கோயில் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஃபாதருடன் பண்டாரவளைக்குப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் அனுப்பினார்.)

‘சும்மா கிடக்குது.’ இந்த இரண்டு சொல்லையும் அன்று காலை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணத் தவறிவிட்டேன். எண்ணாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான். கல்யாண வீட்டில் ஒரு பொருள் மூலையில் இருக்கிறது, அதை யாரும் பாவிக்கவில்லை என்றால், அது எல்லாருக்கும் சொந்தம். பழுதானால் பாவிப்பதற்காக ஒன்றைப் பாவிக்காமல் வைத்திருக்கிறேன் என்று விளக்கினால், மிகவும் மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டு முடித்துவிட்டு, “அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கும்?” என்பார்கள்.

நான் ஒரு தடவை, ஒரே தடவை, சிறுநீர் கழிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நீள வயரைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். சமையல் கொட்டகையின் தறப்பாளைக் கட்டக் கயிறு போதவில்லையாம். என்னுடைய இருபத்தைந்து மீட்டர் வயர், சிவப்பு டேப்புடன், இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே விறைப்பாக நின்று தறப்பாளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் மீதிப் பகுதியில் மேசைத் துணிகள் காய்ந்தன.

“யாரு இதக் கட்டினது?”

தறப்பாளைக் கட்ட மரத்தில் ஏறி நின்றவர் குனிந்து பார்த்தார். “நல்ல வயர் மாஸ்டர். அறவே இழுபடல.”

“அது கரண்டு வயர் ஐயா!”

“கரண்டு குடுக்கலயே, பயப்படாதீங்க.”

அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தால் தறப்பாள் அடுப்பு மேல் விழும் என்றார். கீழே மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இப்படி அவருடன் நான் மல்லுக்கட்டிய பதினோரு நிமிடத்தில், மேலே லயத்திலிருந்து பெண்ணின் தோழிகள் வந்து, பெண்ணுக்கு அலங்காரம் செய்யும்போது பாட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லி, இரண்டாவது எம்ப்பையும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார்கள். கொடுத்தவர் மருமகன். பதினான்கு.

அடுத்தது ஜெனரேட்டர். அது போனதற்கும் வயரே காரணம். சமையல் கொட்டகைக்குப் பொறுப்பு பெண்ணின் பெரியம்மா. வாயில் வெற்றிலை, இடுப்பில் சாவிக்கொத்து. தேங்காய் துருவும் மெஷின் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருந்தார். கொட்டகையில் மின்சாரம் இல்லை. மண்டபத்திலிருந்து இழுக்கலாம், ஆனால் இழுக்க வயர் இல்லை, அது தறப்பாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்த அம்மா நேரே என் கதிரைக்கு முன் வந்து நின்றார்.

“இது என்ன, மூலையில உக்காந்திருக்கு?”

“ஜெனரேட்டர். கரண்டு போனா எடுக்கிறதுக்கு.”

“கரண்டு இருக்கா, போச்சா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன, கரண்டு போற வரைக்கும் இது துருவட்டும். ஏன் தம்பி, நான் சொல்றது சரியா?”

தம்பி என்றது என் மருமகனை. நான் வாயைத் திறக்கும் முன் அவர் ஜெனரேட்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். மறுபக்கத்தைத் தூக்கப் பெரியம்மாவே குனிந்தார். அவர்கள் போன பிறகு மருமகன் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“உங்களுக்கு ‘இல்ல’ன்னு ஒரு சொல் தெரியாதா?”

“மாமா, நான் லயத்துல பொறந்தவன். எங்க லயத்துல பன்னெண்டு வீட்டுக்கு ஒரே ஏணி, ஒரே அண்டா. சும்மா கிடக்கிறதக் கேட்டு ஒருத்தன் குடுக்கலன்னா அவன் வீட்டுல நல்லது கெட்டதுக்கு எவனும் எட்டிப்பாக்க மாட்டான். அதோட மெயின் செட் நல்லாத்தானே ஓடுது?”

மெயின் செட் நல்லாத்தான் ஓடியது. என்னிடம் மிஞ்சியவை பதின்மூன்று: மிக்ஸர், ப்ளக்குகள், ஃபியூஸ்கள், குட்டை வயர்கள், லெப்டொப். லெப்டொப்பை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதை யாரும் கேட்கவில்லை. அன்று முழுவதும் அது தேவைப்படவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பசறையிலிருந்து ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். வழக்கமாகப் பசறை–பதுளைப் பாதையில் ஓடுகிற பஸ், முன் கண்ணாடியைச் சுற்றி வண்ண விளக்குகள். இறங்கியவர்கள் அறுபத்து மூன்று பேர். மாப்பிள்ளையின் தந்தை, அதாவது அன்று எழுந்து நின்று கேட்ட அதே மனிதர், வெள்ளைச் சேர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தார். நல்ல பருமன், சிரித்த முகம். ஒரு மனிதரை நான்கு வருடம் தூங்கவிடாமல் செய்தவர் போல் இல்லவே இல்லை. தான் அன்று சொன்னது அவருக்கு நினைவிருந்ததா என்றே சந்தேகம்.

பெண்ணின் தந்தை வாசலில் நின்றார். விருந்தாளிகளைக் கும்பிடுவார், உடனே ஸ்பீக்கரைப் பார்ப்பார். அவர் ஒரு முன்னேற்பாடும் செய்திருந்தார். தொழிற்சாலையின் பெரிய காற்றாடிகளும் மெஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் கீழே மண்டபத்துக் கரண்டு தொய்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும், அங்கேயே வேலை செய்பவர். ஆகவே தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போய், இரண்டு மணிக்குப் பிறகு ஓட்டுங்கள் ஐயா என்று கேட்டு, சம்மதமும் வாங்கியிருந்தார். மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த வெயிலில் கொழுந்து அந்த அளவுக்குக் குவியும் என்று டீமேக்கரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். வைக்க இடமில்லாமல் பன்னிரண்டே முக்காலுக்கு அவர் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டார்.

மண்டபத்து விளக்குகள் மஞ்சளாகின. பாட்டு ஒரு விக்கல் எடுத்தது. மீண்டும் வந்தது. மீண்டும் விக்கியது. எம்ப்பின் உள்ளே ஏதோ ‘டப்’ என்றது, ரப்பர் எரிகிற வாடை வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் பாட்டு நின்றால் அமைதி உடனே வராது. பாட்டுக்கு மேல் கத்திப் பேசியவர்கள் தங்கள் குரல் தங்களுக்கே கேட்டு வெட்கப்பட்டு நிறுத்துவார்கள். அப்படி ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மாப்பிள்ளையின் தந்தை சோடா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பெண்ணின் தந்தை என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“மாஸ்டர், அந்த ரெண்டாவது எங்க?”

கதிரைக்குப் பின்னால் பார்த்தார். மிக்ஸரும் ஒரு பெட்டி ஃபியூஸும் இருந்தன. நான் எங்கே என்று சொன்னேன். எம்ப் உங்கள் வீட்டில், ஜெனரேட்டர் உங்கள் மதினியிடம், வயர் உங்கள் தறப்பாளில். அவர் வாசலுக்கே திரும்பிப் போனார், அங்கே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருமகன் எம்ப்பை எடுக்கப் படியேறி ஓடினார். ஆனால் அந்த இரண்டாவது எம்ப்பையும் தொய்ந்த கரண்டில் பூட்டினால் அதுவும் எரியும். ஜெனரேட்டர் வேண்டும். லெப்டொப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நான் கொட்டகைக்குப் போனேன். அங்கே மெஷின் கரகரவென்று துருவிக்கொண்டிருந்தது.

“அம்மா, ஜெனரேட்டர நிப்பாட்டுங்க. பாட்டு நின்னுபோச்சு.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. இன்னும் இருபத்தி ரெண்டு தேங்கா இருக்கு.”

“கரண்டு போற வரைக்கும்னுதானே வாங்கினீங்க?”

“கரண்டு போகலயே, எரியுதே,” என்று மண்டபத்து மஞ்சள் விளக்கைக் காட்டினார். “ஏன் மாஸ்டர், பாட்டு இல்லாமச் சோறு இறங்கும். பாயாசத்துக்குப் பால் இல்லாம நான் என்னத்த ஊத்துறது? உங்க வயரையா?”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேங்காய்களை எண்ணினேன். இருபத்து மூன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

“உங்க கொழுந்தன் வாசல்ல நிக்கிறாரு,” என்றேன். “போன கல்யாணத்துல அந்த மனிசர் சொன்னத இன்னிக்கும் சொல்லப்போறாரு. முன்வரிசையிலதான் இருக்காரு.”

அந்த அம்மாவின் முகம் மாறியது. வெற்றிலையைத் துப்பினார். மெஷினைத் தானே நிறுத்தினார். பிறகு படிகளின் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார், அதற்கு எந்த எம்ப்பும் தேவையில்லை. லயத்திலிருந்து கையால் துருவும் துருவிகள் இறங்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, ஆறு, ஒன்பது. அவர் கேட்டு வாய் மூடுமுன் ஒன்பது துருவிகளும் ஒன்பது பெண்களும் வந்து குந்தியிருந்து தேங்காயை உடைத்தார்கள். ஒருவர் வீட்டிலும் ஒன்றுக்கு மேல் இருக்காது, ஒருவரும் அதைப் பூட்டி வைத்திருக்கவும் இல்லை. எனக்கு அது அப்போது பெருமையாகத் தோன்றவில்லை. இவ்வளவு இருந்தும் காலையில் என் ஜெனரேட்டர்தான் வேண்டுமென்று கேட்டார்களே என்றுதான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து மருமகன் வெறுங்கையோடு படியிறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

“வீடு பூட்டியிருக்கு மாமா. சாவி யாருகிட்டன்னு தெரியல.”

பெரியம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார். “இதுக்கா இவ்வளவு ஓட்டம்? ஓடுறதுக்கு முந்திக் கேக்கக் கூடாதா?”

நூற்றுப் பன்னிரண்டு ஏற்றம், நூற்றுப் பன்னிரண்டு இறக்கம், மறுபடியும் நூற்றுப் பன்னிரண்டு ஏற்றம். மருமகன் போனார். நானும் இரண்டு ஆட்களுமாக ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தோம். நீள வயர் இல்லாததால் அதைத் தூரத்தில் வைக்க வழியில்லை, மேடைப் பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழே வைக்க வேண்டும். அப்போதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது.

நம்முடையதுதான் எப்படியோ ஓடிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை. அது ஒரு சிங்களப் பைலா, துள்ளல் பாட்டு. பஸ் மண்டப வாசலோடு ஒட்டி வந்து நின்றது. அந்தப் பாதையில் ஓடும் பஸ்களில் ஆசனத்துக்குக் கீழே எத்தனை ஸ்பீக்கர்கள் இருக்கும் என்பது அதில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸின் படியருகே மாப்பிள்ளையின் தந்தை நின்றார். எதிரில் பெண்ணின் தந்தை.

“என் வீட்டுக் கல்யாணத்துல உங்க பஸ்ஸு பாடணுமா சம்பந்தி?”

“நான் என்னத்தச் செய்ய? எல்லாம் ரெண்டு ரெண்டா வருதுன்னு பசறை வரைக்கும் சொல்லி அனுப்பினீங்க. வந்து பாத்தா ரெண்டையும் ஒளிச்சு வச்சிருக்கீங்க.” பின்னால் நின்ற அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அவர் தோளில் தட்டினார். “விடுங்க சம்பந்தி, நம்ம பஸ்ஸுதானே. சும்மாதானே நின்னுக்கிட்டிருந்துச்சு.”

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பெண்ணின் தந்தையின் கழுத்து நரம்பு புடைத்ததைத்தான் பார்த்தேன். பெண்ணைக் கொடுத்த அன்றே, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பஸ்ஸில் பாட்டையும் கொண்டுவந்தார்கள் என்று நாளைக்குப் பெரட்டில் பேசுவார்கள். எழவு வீட்டுக்குப் பதிலாக இது. இன்னும் நான்கு வருடத்துக்குப் போதும். அவர் ஜெனரேட்டரின் ஒரு பக்கத்தை என் கையிலிருந்து வாங்கினார். பட்டுவேட்டியுடன், பெண்ணின் தகப்பன், ஜன்னலுக்குக் கீழே அதை இறக்கி வைத்துத் தானே கயிற்றை இழுத்து ஓட்டினார். மூன்றாவது இழுப்பில் ஓடியது.

மருமகன் எம்ப்பைத் தோளில் சுமந்து வந்தார். குட்டை வயர்கள் என்னிடம் இருந்தன, ஒன்றுகூடக் குறையாமல். சிவப்பு டேப் ஒட்டிய ஆறு வயர்களை ஒன்றோடு ஒன்று பூட்டி எம்ப்பை எட்டினோம். ஒரு மணி பதினான்குக்கு எங்கள் செட் பாடத் தொடங்கியது. இருபத்தாறு நிமிடம். பதினேழிலிருந்து இருபத்தாறு. ஒரு வருட உழைப்பும் பத்தொன்பது மாற்றுச் சாமான்களும் சேர்ந்து ஒன்பது நிமிடத்தைக் கூட்டியிருக்கின்றன.

உள்ளே நம்முடைய தமிழ்ப் பாட்டு, வாசலில் பைலா, ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர். மூன்றும் மண்டபத்தின் நடுவில் மோதின. மனிதர்கள் சகிக்கக்கூடிய சத்தமில்லை அது. இலை போட்டுப் பந்தி தொடங்கியிருந்தது. சோறு என்று கேட்டவருக்கு அப்பளம் வைத்தார்கள், போதும் என்று கையை ஆட்டியவருக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்கள். நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல டிரைவரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், சைகையைப் பார்த்ததுமே சுவிட்சில் கை வைத்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். பெண்ணின் தந்தை.

என் காதில் வாயை வைத்துச் சொன்னார்: “நிப்பாட்டச் சொல்லாதீங்க மாஸ்டர். ரெண்டும் ஓடட்டும். ஒண்ணு நின்னாலும் ஒண்ணு இருக்கும்.”

“இரண்டாவது என்பது காத்திருக்க வேண்டியது, கூடவே ஓட வேண்டியதில்லை” என்று விளக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையாட்டினார், எதற்கென்று தெரியாது. டிரைவரைப் பார்த்துக் கையை மேலே உயர்த்திக் காட்டினார். டிரைவர் சந்தோசமாக இன்னும் கூட்டினார்.

நாங்கள் இருவரும் உள்ளே வந்தபோது மாப்பிள்ளையின் தந்தை இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காதைப் பொத்தியபடி எங்களிடம் வந்தார்.

“சம்பந்தி, காது கிழியுது! ஒண்ணையாவது நிப்பாட்டுங்க!”

பெண்ணின் தந்தை குனிந்து காதைக் கொடுத்தார். “என்ன சொன்னீங்க சம்பந்தி?”

“சத்தம்! சத்தம் கூடிப்போச்சு!”

“கேக்கல சம்பந்தி.”

மாப்பிள்ளையின் தந்தை நெஞ்சு நிறைய மூச்செடுத்து மூன்றாவது தடவை கத்தினார். எனக்கு எழுபத்து மூன்று வயது, இடது காது மந்தம். எனக்கே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. பெண்ணின் தந்தை முகமெல்லாம் சிரிப்பாக அவருடைய தோளில் கையைப் போட்டு, “நல்லாச் சாப்பிடுங்க, நல்லாச் சாப்பிடுங்க,” என்று இலைவரை கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, பாயாச வாளியோடு வந்தவரை நிறுத்தி, அவருக்கு இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னார்.